இடக்கைத் தையல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தில்லையம்மாளுக்கு இடது கைதான் கை. சாப்பிடுவதற்கும் கோயிலில் விபூதி வாங்குவதற்கும் மட்டும் வலது கையை நீட்டப் பழக்கியிருந்தார்கள். மற்றபடி அந்தக் கை எந்த வேலைக்கும் உதவவில்லை. ஐந்து வயதில் அவளுடைய அம்மா இடது கையை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டி, வலது கையில் ஊசியைக் கொடுத்துப் பார்த்தாள். பத்து நாள் கட்டியிருந்தும் பயனில்லை. கட்டை அவிழ்த்த நிமிடமே ஊசி இடது கைக்குப் போய்விட்டது.

நெசவாளி கந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு முடிகிற சமயத்தில், அதன் ஒவ்வோர் இழை நுனியையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான இழை. தில்லையம்மாள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இடது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் முறுக்கிக்கொண்டே போவாள். தறி ஓட ஆரம்பித்தால் ஓர் இழை நழுவாது. நல்ல காரியத்துக்குப் போகிற பட்டை இடக்கையால் தொடுகிறாளே என்று மாமியார் முணுமுணுத்தபோது, கந்தன் தறிக்குழியிலிருந்தே பதில் சொன்னான்.

"அறுந்தா சொல்லும்மா, கேட்டுக்கிறேன். அறுவாம ஓடிக்கினு இருக்குதில்ல? எந்தக் கையானா இன்னா?"

1920ஆம் வருஷத்து ஐப்பசியில் அவன் நெய்த சேலை ஒன்று வீட்டுக்குத் திரும்பி வந்தது. தறியிலிருந்து இறங்கிய சேலை கடைக்குப் போகும், கடையிலிருந்து எங்கேயோ போகும். திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. இது ரங்கூன்வரை போய் வந்திருந்தது. அரக்கு நிறக் கரையின் சாயம் சேலையின் உடலில் ஓடி, மடிப்பில் ஜரிகை கறுத்துப் போயிருந்தது. ராஜவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருஞானசம்பந்த முதலியார், "சாயம் நிக்கலப்பா, ரங்கூன்காரன் அஞ்சு சேலையையும் திருப்பிட்டான்" என்று சொல்லி அதைக் கந்தனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

தில்லையம்மாள் சேலையை விரித்து, பழைய மடிப்பின்படியே மறுபடி மடித்து, மறுபடி விரித்தாள்.

"வெளி மடிப்புல மட்டும் ஓடியிருக்குது பாருங்க. உள்மடிப்பு அப்படியே இருக்குது. சாயம் கெட்டதுன்னா எல்லா மடிப்புலயும் ஓடியிருக்கணும். இதுல தண்ணி பட்டிருக்குது. சேலையில குத்தமில்ல. கட்டினதுலதான் குத்தம்."

மறுநாள் காலை அவளே கடைக்குப் போனாள். அந்தக் கடையில் மட்டுமல்ல, ஊரில் எல்லாக் கடையிலும் வெளியூர்ச் சேலைகளைக் காகிதத்தில் சுற்றி, கோணியில் போட்டு, கயிற்றால் இறுக்கித்தான் தபாலில் அனுப்பினார்கள். அந்தக் கோணி ரயிலில் பட்டணம் போய், அங்கிருந்து கப்பலின் அடித்தளத்தில் நாள்கணக்காகக் கிடந்து ரங்கூன் போக வேண்டும். தில்லையம்மாள் சொன்னதை முதலியார் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ கட்டினா நனையாதாம்மா?"

"கட்டிக் காட்டறேன், முதலாளி. உங்க சேலை வேணாம். என் சேலையை வெச்சே கட்டறேன்."

இரண்டு நாள் கழித்து ஒரு பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்தது அவள் தாலி கட்டிக்கொண்ட சேலை. அதைக் கடை மாடியிலிருந்து தெருவில் போடச் சொன்னாள். முதலியார் தயங்கினார். அவளே படியேறிப் போய்ப் போட்டாள். கீழே வந்து எடுத்துக்கொண்டு ஏறி, இன்னொரு தரம் போட்டாள். பிறகு கிணற்றடிக் கல்தொட்டியில் அதை அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, உச்சிவேளை வரைக்கும் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சரக்கு வாங்க வந்தவர்கள் சரக்கை மறந்துவிட்டுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

முதலியார்தான் கத்தியால் பிரித்தார். மேலே இருந்த முரட்டுக் காடாத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதற்குள் மெழுகுத்துணி, அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. மெழுகுத்துணிக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய மூங்கில் தப்பைகள். அவற்றுக்குள் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைத் துணி. அதற்கும் உள்ளே சேலை, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல உலர்ந்து இருந்தது. ஜரிகையோடு ஜரிகை உரசாதபடி ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே காகிதம் கொடுத்திருந்தாள். முதலியார் சேலையின் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் வைத்தும் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வந்துடு" என்றார்.

அவருடைய மனைவி ரேணுகாம்பாள் அதோடு விடவில்லை. மறுநாள் தில்லையம்மாள் ஊசியை எடுத்த கையைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணச் சேலையம்மா இது. இடக்கையாலயா கட்டி அனுப்பறது?" என்று கேட்டாள்.

"சேலையை வலது கையால மடிக்கிறேம்மா. தைக்கிறதுக்கு எனக்கு இந்தக் கைதான் வரும். வேணாம்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

போகச் சொல்ல முதலியாருக்கு மனமில்லை. ஆகவே ரேணுகாம்பாள் ஒரு வழி செய்துகொண்டாள். தில்லையம்மாள் பார்சல் கட்டும்போதெல்லாம் பின்கட்டு அறை வாசலில் வந்து நின்றுகொள்வாள். சேலையை மடிப்பது வலது கைதானா என்று பார்ப்பதற்காக நின்றாளாம். அப்படியே மூன்றரை வருஷம் நின்றாள்.

என் தகப்பனார் சடகோபன் அந்தக் காலத்தில் பெரிய காஞ்சிபுரம் தபாலாபீஸில் பார்சல் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் நடந்தே வேலைக்குப் போவார். இந்தக் கதையில் பாதி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றவர்கள் கொண்டுவரும் பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, இரண்டில் ஒன்றைத் திருப்பி அனுப்புவாராம். தில்லையம்மாள் கொண்டுவருவதை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவார், அசையாது. துணியின் ஓரத்தை இரட்டையாக மடித்து, ஓரத்தின்மேல் ஏறி இறங்கும் நெருக்கமான தையல் போட்டிருப்பாள். நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சு இருக்கும். விலை உயர்ந்த சரக்கு என்றால் இன்ஷூர் செய்வார்கள். அதற்குத் தையல் நெடுகிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைக்க வேண்டும். முதலியாருடைய வேல் பதித்த பித்தளை முத்திரையைக் கொண்டுவந்து, அப்பாவின் கண்ணெதிரிலேயே வைப்பாள்.

1924ஆம் வருஷம் மாசி மாதம் ரங்கூனில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஏழு சேலைகள் போயின. ஏழும் கந்தனும் அவன் பங்காளிகளும் நெய்தவை. மூன்று வாரம் கழித்து முதலியாருக்குத் தந்தி வந்தது. பார்சலில் சேலை இல்லை, கந்தல் துணியும் மணலும்தான் இருக்கின்றன என்று அதில் இருந்தது.

தபாலில் விசாரித்தார்கள். அரக்கு முத்திரைகள் உடையவில்லை. இங்கே எழுதிய எடைதான் அங்கேயும் இருந்தது. வழியில் யாரும் திறந்ததற்கு அடையாளம் இல்லை. அப்படியானால் கந்தலும் மணலும் காஞ்சிபுரத்திலேயே உள்ளே போயிருக்க வேண்டும். கட்டியவள் ஒருத்திதான். நடந்தது இன்னொன்றும் உண்டு. மூன்றரை வருஷத்தில் ரேணுகாம்பாள் அறை வாசலில் நிற்காத ஒரே நாள், அந்தப் பார்சல் கட்டிய நாள். மாகறல் கோயிலுக்குப் போயிருந்தாள்.

முதலியார் கத்தவில்லை. "விஷயம் தெளியற வரைக்கும் கடைப்பக்கம் வராதம்மா" என்று மட்டும் சொன்னார். தில்லையம்மாளுக்கு அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. தெருவில் அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுபோகும். தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். கந்தனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தறியை விட்டு எழுந்து வந்தான்.

"நான் போயி முதலியார்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன். இனி அவரு பட்டே நமக்கு வேணாம்."

"தறி ஓடட்டும். தறி நின்னா நாம தப்பு பண்ணோம்னு ஆயிடும். நீங்க உட்காருங்க. நான் தபாலாபீசுக்குப் போறேன்" என்றாள்.

அன்று அப்பாவின் ஜன்னலில் கூட்டம் இருந்தது. எல்லாரும் போகட்டும் என்று சுவரோரம் நின்றுவிட்டு, கடைசியில் வந்தாள்.

"சாமி, அந்தப் பார்சல் சுத்தின துணி எங்க இருக்குது?"

"எந்தத் துணிம்மா? சேலை போனதுக்குத் துணியைக் கேக்கறயே."

"சேலை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. துணியைப் பார்த்தா எதனா சொல்லுவேன். அதைக் கொண்டாரச் சொல்லுங்க. தையலை யாரும் பிரிக்க வேணாம்னு எழுதுங்க."

அப்பாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் கேட்டவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தன் சாமான் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறவள்போலக் கேட்டாள். அதனாலேயே எழுதினேன் என்பார். போஸ்ட்மாஸ்டரிடம் பேசி, மேலே எழுதி, அங்கிருந்து ரங்கூனுக்கு எழுதி, துணி கப்பலேறி வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் தில்லையம்மாள் வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். யார் வந்து எதைக் கேட்டாலும், "துணி வரட்டும்பா" என்றுதான் பதில்.

சித்திரையில் துணி வந்தது. விசாரிக்க ராஜகோபால் என்ற தபால் இன்ஸ்பெக்டர் செங்கல்பட்டிலிருந்து வந்தார். தபாலாபீஸ் மேஜைமேல் துணியை விரித்தார்கள். கல்யாண வீட்டார் அவசரத்தில் தையலைப் பிரிக்காமல், துணியின் நடுவயிற்றைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். அதனால் நாலு ஓரத் தையலும் முத்திரைகளோடு முழுசாக இருந்தன. முதலியார், ரேணுகாம்பாள், கந்தன், அப்பா எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"முத்திரை சரியா இருக்கு, எடையும் சரியா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "இதுக்குமேல நீ என்னம்மா சொல்லப் போறே?"

தில்லையம்மாள் துணியைத் தொடவில்லை. குனிந்து நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தாள். நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஐயா, அந்த மூணு பக்கமும் நான் தைச்சது. இது நான் தைச்சதில்ல."

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"இல்லிங்க. நான் இடக்கைக்காரி. என் தையல் இடது பக்கம் சாஞ்சிருக்கும். அந்த மூணும் அப்படித்தான் இருக்குது. இது வலது பக்கம் சாஞ்சிருக்குது பாருங்க. சோத்துக்கை தைச்சது இது."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். பக்கத்தில் நின்ற எல்லாரும் குனிந்தார்கள். ஒருவர் காட்டிய பிறகு அது நன்றாகத் தெரிந்தது. மூன்று பக்கத்துத் தையலும் ஒரு திசையில் சாய்ந்த நாணல்போல இருந்தன, நாலாவது எதிர்த்திசையில். இன்ஸ்பெக்டர் அதோடு ஒப்புக்கொள்கிறவர் அல்ல. ஒரு காடாத்துண்டையும் ஊசியையும் கொடுத்து அவளைத் தைக்கச் சொன்னார். எதிர்ப்புறம் கடை வைத்திருந்த தையற்காரர் பழனியைக் கூப்பிட்டனுப்பி, அதே துண்டின் மறு ஓரத்தைத் தைக்கச் சொன்னார். இரண்டும் இரண்டு பக்கம் சாய்ந்தன.

"சரி. நீயே ஒரு பக்கத்தை வலது கையால தைச்சிருக்கலாமே?"

கந்தன் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தான். தில்லையம்மாள் அவனைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"கேக்க வேண்டியதுதான், ஐயா. அந்தப் பக்கத்துத் துணியை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. காடாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் தைப்பேன். கஞ்சித் துணியில ஊசி போன தடம் மூடாது. நான் தைச்சு வெச்ச பழைய தடம் அங்க இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்துப் பிடித்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். இப்போதைய தையலுக்கு அருகிலேயே இன்னொரு வரிசை ஊசித்துளைகள் இருந்தன, இடது பக்கம் சாய்ந்து. சில துளைகளில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. முத்திரை அரக்கு.

அப்பா நிமிர்ந்தார். "சார், இந்தத் துளையில அரக்கு இறங்கியிருக்கு. அரக்கு ஊத்தினது இங்க, என் எதிர்ல. அப்படின்னா இவ தைச்ச தையல் முத்திரை வெச்ச வரைக்கும் அப்படியேதான் இருந்திருக்கு. பிரிச்சது அதுக்கு அப்புறம்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை வாங்கி முத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது பக்கத்து வேல் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை சிறியதாக, விளிம்பு மழுங்கி இருந்தது. நல்ல முத்திரையிலிருந்து அச்சு எடுத்துப் போலி முத்திரை செய்திருக்கிறார்கள். எடையைச் சரிக்கட்டி, அரக்கின் நிறத்தைச் சரிக்கட்டி, முடிச்சின் இடைவெளியைக்கூடச் சரிக்கட்டியிருந்தான் திருடியவன். தைத்தவள் எந்தக் கையால் தைத்தாள் என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் துணியைத் தானே மடித்தார். "அம்மா, நீங்க உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அதுவரை நீ என்றவர் நீங்க என்றதைக் கந்தன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ரங்கூனில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தபாலாபீஸில் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது கல்யாண வீட்டார் அல்ல, அவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு தனி ஏஜெண்டு. பார்சல் அவனுடைய சரக்குக் கிட்டங்கியில் மூன்று நாள் கிடந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவனிடம் பித்தளை அச்சும் ஐந்து சேலைகளும் அகப்பட்டன. இரண்டு சேலை போனது போனதுதான். அதற்குள் கல்யாணமும் வேறு சேலைகளில் நடந்து முடிந்திருந்தது.

செய்தி வந்த அன்று முதலியாரும் ரேணுகாம்பாளும் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே வந்தார்கள். பெரிய கடைக்காரர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வாசலிலேயே நின்று, எல்லார் காதிலும் விழும்படி முதலியார் பேசினார்.

"தில்லையம்மா, என் கடையில ஒருத்தி மேலயும் விழாத பழியை உன் மேல போட்டேன். தப்பு என்னுது. நாளைக்கு வரணும்."

ரேணுகாம்பாள் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சேலையை மடிக்கிறதும் இந்தக் கையாலயே மடிம்மா" என்றாள்.

தில்லையம்மாளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"வரேன், முதலாளி. பின்கட்டுல உட்கார மாட்டேன். கடை முன்னால, தெருவைப் பார்த்துக்கினு உட்காருவேன். போறவங்க வரவங்க எல்லாரும் பார்க்கட்டும்."

அப்படியே நடந்தது. ராஜவீதியில் போகிறவர்கள் அவள் சேலை மடிப்பதையும் தைப்பதையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சீக்கிரமே மற்றக் கடைக்காரர்களும் முதலியாரிடம் வந்து, எங்கள் பார்சலையும் அந்தம்மாவையே தைக்கச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு கையால் முடியாத அளவு வேலை சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் அவளோடு உட்கார்ந்தார்கள். ஐவரும் வலது கைக்காரிகள். ஆகவே ஒவ்வொருத்தியும் தன் தையலுக்குத் தானே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், அதை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டமாயிற்று. ஒருத்தி ஏழாவது தையலை இரட்டையாகப் போடுவாளாம். மற்றவர்களுடையது அவரவர் வீட்டுக்காரருக்கே தெரியாது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று பார்சல்கள் போயின. அப்பா அந்த ஜன்னலை விட்டு மாற்றலாகும் வரைக்கும் அவர்கள் தைத்ததில் ஒன்றுகூட நனையவில்லை, பிரியவில்லை, காணாமல் போகவில்லை. இதைச் சொல்லும்போது, தானே தைத்து அனுப்பியதுபோல அப்பாவுக்கு முகம் மலரும்.

1932இல் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு ஜைனப் பெரியவர் வந்தார். அவர் கொண்டுவந்தது பட்டு அல்ல. ஒரு துணி மூட்டையில் பழைய ஓலைச்சுவடிகள். மைசூர்ப் பக்கம் ஒரு பண்டிதர் பார்த்துப் படி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நேரில் கொண்டுபோக இவருக்கு உடம்பில் தெம்பு இல்லை. எட்டு மாதமாக யாரை நம்பி அனுப்புவது என்று யோசித்துவிட்டு வந்திருந்தார்.

"ஓலை ஒடிஞ்சா ஒட்டாதும்மா" என்றார். "இதுக்கு வேற பிரதி கிடையாது."

தில்லையம்மாள் ஓர் ஓலையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அப்பளம்போல இருந்தது. "ரெண்டு நாள் கொடுங்க. யோசிக்கணும்" என்றாள்.

பட்டுக்குச் செய்வது இதற்கு உதவாது. பட்டை இறுக்கலாம், ஓலையை இறுக்கினால் நொறுங்கும். தளர விட்டாலும் குலுங்கி நொறுங்கும். ஆகவே சுவடியின் அளவுக்குக் கந்தனைக் கொண்டு பலாப்பலகையில் ஒரு பெட்டி செய்வித்து, அடியில் இலவம்பஞ்சை மெத்தையாகத் தைத்துப் போட்டாள். பக்கங்களுக்கும் மூடிக்கும் அதே மாதிரி மெத்தை. பூச்சி வராமல் வேப்பிலையைச் சின்னப் பைகளில் கட்டி வைத்தாள். முதலில் பெட்டியில் சுவடிக்குப் பதிலாக அப்பளத்தை அடுக்கி, மாடியிலிருந்து தெருவில் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை இரண்டு அப்பளம் உடைந்தது. பஞ்சைக் கூட்டித் தைத்து மறுபடி போட்டாள். ஒன்றும் உடையவில்லை. அதன் பிறகுதான் பெரியவரைச் சுவடியை எடுத்து வரச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெரியவர் ஒரு கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பண்டிதர் எழுதியிருந்தார். தில்லையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பெரியவரே படித்தார். சுவடிகள் வந்து சேர்ந்தன, எண்ணிப் பார்த்தாயிற்று, ஓர் ஏடுகூட ஒடியவில்லை, கட்டியவர் யாரோ அவருக்கு என் நமஸ்காரம் என்று இருந்தது.

"இன்னொரு தரம் படிங்க" என்றாள். அவர் படித்தார்.

மற்றப் பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் கார்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கொழும்புக்குப் போக வேண்டிய பார்சலை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.